கூரை இறங்கவில்லை, சுவர் விலகியது: ஓட்டு ஷெட்டைச் சரிசெய்யப் பட்ட பாடு

எங்கள் வீட்டுக் கார் ஷெட்டின் கூரைக்கு இந்த வருஷம் ₹1,17,350 செலவாகியிருக்கிறது. அதில் ₹28,500 முழுத் தண்டம். மீதிப் பணம் போனதில் எனக்கு வருத்தமில்லை, கூரை நிற்கிறது. ஆனால் அந்த இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஓட்டுக் கூரையில் என்ன கெட்டால் யாரைக் கூப்பிட வேண்டும், வருகிறவர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்று ஒருத்தராவது முன்னாடி சொல்லியிருந்தால் அது மிஞ்சியிருக்கும். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். மாமனார் காலமாகிவிட்டார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கொத்தனாரிடமும் மரக்கடையிலும் தனியாக நின்று பேசிய அனுபவம் இதற்கு முன்னால் எனக்குக் கிடையாது. தென்காசிப் பக்கம் இன்னும் நிறைய வீடுகளில் ஓட்டுக் கூரைதான். அதனால் நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஷெட்டைப் பற்றி. 1950களில் கணவரின் தாத்தா வில்வண்டிக்காகக் கட்டியது. பிறகு அம்பாசிடர் நின்றது, அதன்பிறகு பல வருஷம் வாடகைக்கு விடப்பட்டது. உள்ளளவு பன்னிரண்டடி அகலம், இருபதடி நீளம். செம்மண் சாந்தில் கட்டிய ஒன்பதங்குலச் செங்கல் சுவர், எட்டடி உயரம். கூரை இரண்டு பக்கமும் சாய்ந்தது. நடுவில் உச்சியில் மோட்டு உத்திரம். அதிலிருந்து இரண்டு பக்கமும் இறங்குவது கைமரம். கைமரத்துக்குக் குறுக்கே ரீப்பர் என்கிற மெல்லிய சட்டங்கள், அதன்மேல் சீமை ஓடு. கைமரத்தின் கால்கள் வந்து உட்கார, சுவரின் தலையில் நீளவாக்கில் ஒரு கட்டை படுத்திருக்கும். நான் அதைச் சுவர்க்கட்டை என்றே சொல்கிறேன். இந்தச் சுவருக்கும் எதிர்ச் சுவருக்கும் குறுக்கே போவது விட்டம். எங்கள் ஷெட்டில் விட்டங்களின்மேல் பலகை பரப்பி மச்சு மாதிரி போட்டு, பழைய கட்டில், அண்டா, உடைந்த தொட்டில் என்று மூன்று தலைமுறைச் சாமான் ஏற்றியிருந்தது. இந்தப் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். 'மேலே அந்தக் கட்டை' என்று சொல்லிக்கொண்டு நின்றால் வருகிறவர் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போவார்.

சித்திரையில் ஒரு கோடை மழைக்கு ஷெட்டுக்குள் தண்ணீர் ஒழுகியது. வெளியே வந்து பார்த்தால் மோட்டு ஓடுகளுக்கு இடையே சாந்து வெடித்து இடைவெளி தெரிந்தது. கீழே சில ஓடுகள் சரிந்திருந்தன. உள்ளே மேற்குச் சுவரில், தலையிலிருந்து ஒரு அடி கீழே, நீளவாக்கில் ஒரு விரிசல். ஓடு மாற்றுகிற கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவர் ஏறிப் பார்த்துவிட்டு, மோட்டு ஓட்டைப் பிரித்துப் புதுச் சிமெண்டில் பதிக்க வேண்டும், உடைந்த ஓட்டை மாற்ற வேண்டும், சுவர் விரிசலைக் கொத்திப் பூச வேண்டும் என்றார். ₹18,500. வேலை முடிந்தபோது பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனி பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய்க் காற்று ஆரம்பித்தது. எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: ஆரியங்காவு வழியாக மலை இடுக்கில் பிதுங்கி வரும் மேல்காற்று அது. குற்றாலத்தில் சாரலைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை எங்கள் தலையில் இறக்கும். ஆடியில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, எங்கள் மோட்டு ஓடு இரண்டு பறந்தது. பூசிய விரிசல் பூசிய இடத்திலேயே மறுபடி திறந்துகொண்டது, முன்னைவிட அகலமாக.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுவரில் விரிசல் வந்தால் காரணம் தெரிகிற வரைக்கும் அதன்மேல் பூசவிடாதீர்கள். எந்த இடத்தில், எவ்வளவு அகலம், மேலே அகலமா கீழே அகலமா என்பதெல்லாம் சாட்சி. பூசினால் சாட்சி அழிந்துவிடும். பின்னால் வந்த இன்ஜினியர் முதலில் கேட்டதே 'பூசுறதுக்கு முன்னால போட்டோ எடுத்தீங்களா?' என்றுதான். நல்லவேளை, மஸ்கட்டுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் படம் ஒன்று இருந்தது.

ஆடி முழுக்க ஆள் தேடினேன். ஒருவர் வந்து, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், எல்லாவற்றையும் பிரித்துவிட்டு இரும்பு ட்ரஸ் நிறுத்திக் கலர் ஷீட் போட்டுவிடலாம், ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ஆகும், பழைய மரத்தையும் ஓட்டையும் அவரே 'கழித்துக்கொள்வார்' என்றார். அந்தப் பழைய மரத்தின் விலை என்னவென்று பிற்பாடு மரக்கடையில் கேட்டபோதுதான், அவர் ஏன் அதில் அவ்வளவு ஆசையாக இருந்தார் என்று புரிந்தது. இன்னொருவர், நடுவில் ஒரு தூண் நிறுத்தினால் போதும் என்றார். பன்னிரண்டடி அகல ஷெட்டில் நடுத்தூண் வைத்தால் காரை எங்கே விடுவது? மூன்றாமவர் நன்றாகப் பேசினார், கைமரம் மாற்ற வேண்டும் என்று சரியாகத்தான் சொன்னார், மரம் எடுக்க ₹10,000 முன்பணம் வாங்கினார். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. அவர் ஊருக்கே போய் விசாரித்தேன். கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். முன்பணமாகக் கொடுக்காமல், கூடப் போய் மரக்கடைக்காரர் கையில் கொடுத்துப் பில் வாங்குவதுதான் முறை என்று அடுத்த வீட்டு அண்ணாச்சி அப்புறம் சொன்னார். எல்லோருக்கும் எல்லாம் அப்புறம்தான் தெரிகிறது.

அந்த நாட்களில் எனக்கு இருந்த பயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. ராத்திரி காற்று ஊதும்போது ஷெட்டிலிருந்து 'டக்' என்று மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கவும் பயம், பார்க்காமல் படுக்கவும் பயம். பக்கத்துச் சந்தில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும். சுவர் அந்தப் பக்கம்தான் விழும் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. காரை வெளியே எடுத்துத் தெருவில் விட்டேன், சந்துப் பக்கம் கயிறு கட்டிப் பிள்ளைகளை அந்தண்டை போகச் சொன்னேன். அதற்கும் ஒரு அம்மா சண்டைக்கு வந்தார்.

உடன் வேலை பார்க்கும் டீச்சர் ஒருவரின் அப்பா பொதுப்பணித்துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வந்தது ஆவணியில். கையில் தூக்குக்குண்டு, ரசமட்டம், ஒரு ஸ்க்ரூ டிரைவர். ஓட்டைப் பார்க்கவே இல்லை. நேரே தெருவுக்குப் போய் நின்று மோட்டு வரிசையைக் கண்ணால் பிடித்தார். வாசலிலிருந்து ஆறேழு அடி உள்ளே மோடு நன்றாகத் தொய்ந்திருந்தது. பிறகு மேற்குச் சுவரின் தலையிலிருந்து தூக்குக்குண்டு விட்டார். சுவர் வெளிப்பக்கமாக ஒன்றே முக்கால் இஞ்ச் சாய்ந்திருந்தது. பின்பக்கம் மச்சு இருக்கிற இடத்தில் அதே சுவர் நேராக இருந்தது. 'கூரை தானா எறங்கலம்மா. செவரு வெளிய போகுது, அதனால கூரை எறங்குது' என்றார். அப்புறம் முன்பக்கம் சுவரைத் தட்டிக்கொண்டே போய் ஒரு இடத்தில் பூச்சைச் சுரண்டினார். உள்ளே அறுத்த மரத்தின் வெட்டுமுகம் தெரிந்தது. எதிர்ச் சுவரிலும் அதே உயரத்தில் அப்படியே. நாலடி தள்ளி இன்னொரு ஜோடி. நான்கு விட்டம் இருந்த ஷெட்டில் முன்பக்கத்து இரண்டை யாரோ அறுத்து எடுத்துவிட்டு, முனைகளின்மேல் பூசியிருக்கிறார்கள். பழைய ஆட்களிடம் விசாரித்ததில் கதை வெளியே வந்தது. முன்பு வாடகைக்கு இருந்தவர் பந்தல் சாமான் விடுகிறவர். நீளக் கம்புகளை நிறுத்திவைக்க விட்டம் இடைஞ்சலாக இருந்திருக்கிறது. மாமனாருக்குக் கண் தெரியாத காலம் அது.

விட்டம் என்றால் மச்சைத் தாங்குகிற கட்டை, மச்சு வேண்டாம் என்றால் அதுவும் வேண்டாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இன்ஜினியர் எனக்கு விளக்கியது இப்படி: வெள்ளையடிக்கிறவர்கள் கொண்டுவரும் இரட்டை ஏணியில் இரண்டு காலுக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியிருப்பார்கள் அல்லவா, அதை அவிழ்த்துவிட்டு ஏறினால் என்ன ஆகும்? கைமரங்கள் ஏணிக் கால், விட்டம் அந்தக் கயிறு. மேலே எடை ஏற ஏற கைமரத்தின் கால் வெளியே தள்ளும். விட்டம் இருந்தால் இரண்டு பக்கத் தள்ளுதலையும் அதுவே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் சுவர்தான் வாங்க வேண்டும். செம்மண் சாந்துச் சுவர் மேலிருந்து அமுக்கினால் நூறு வருஷம் தாங்கும், பக்கவாட்டில் தள்ளினால் தாங்காது. சாய்வு குறைவான கூரையாக இருந்தால் இந்தத் தள்ளுதல் இன்னும் அதிகம்.

எடை எவ்வளவு என்று நானே கணக்குப் போட்டேன். இரண்டு சரிவும் சேர்த்து நானூறு சதுர அடி. நூறு சதுர அடிக்குச் சுமார் நூற்றைம்பது ஓடு பிடிக்கும். ஒரு ஓடு இரண்டரை கிலோ வைத்துக்கொண்டால் ஓடு மட்டும் ஒன்றரை டன். நல்ல ஓடே நனைந்தால் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை தண்ணீர் குடிக்கலாம். அப்படியானால் அடைமழையில் ஒரு டன் எண்ணூறு கிலோ. இதற்கு மேல் மரம், காற்று. இவ்வளவையும் அறுத்த விட்டம் இல்லாமல் இத்தனை வருஷம் தாங்கியதே, பின்பக்கத்து இரண்டு விட்டமும் சுவர்க்கட்டையும் கை கொடுத்ததால்தான்.

அவர் அன்றைக்கே வேலையை ஆரம்பிக்கச் சொல்லவில்லை. விரிசலின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டுகளைச் சிமெண்டில் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதச் சொன்னார். சுவர் இன்னும் நகர்ந்தால் கண்ணாடி உடையும், நகர்வது நின்றிருந்தால் அப்படியே இருக்கும். ஆவணிக் கடைசிக்குள் இரண்டு துண்டில் ஒன்று நடுவே தெறித்துவிட்டது. உடனே சவுக்குக் கம்பால் முன்பக்கம் முட்டுக் கொடுக்கச் சொன்னார். மச்சுச் சாமானை எல்லாம் இறக்கினேன். அண்டாவைத் தவிர மற்றது பழைய சாமான்காரருக்குப் போயிற்று. இன்ஜினியருக்கு நான் கொடுத்த ₹3,000தான் இந்த மொத்த வேலையில் மிகச் சரியாகச் செலவான பணம். ஒழுகலுக்கு ஓட்டு ஆள், மரத்துக்கு ஆசாரி, சுவருக்குக் கொத்தனார் என்று மூன்று பேரும் அவரவர் பொருளை மட்டும்தான் பார்க்கிறார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்க்கிற ஒருவரை முதலில் கூப்பிட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் நீங்களே பார்க்கக்கூடியது கொஞ்சம் உண்டு. தெருவில் தள்ளி நின்று மோட்டு வரிசை நேராக இருக்கிறதா என்று பாருங்கள். சுவரின் தலையிலிருந்து ஒரு நூலில் கல்லைக் கட்டி விட்டு, மேலும் கீழும் இடைவெளியை அளந்து பாருங்கள். கைமரத்தின் கால் சுவர்க்கட்டையில் உட்கார்ந்த இடத்தில் ஆணி வெளியே பிதுங்கியிருந்தால், மரத்தின் பழைய நிறத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வெளிர்க் கோடு தெரிந்தால், கால் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மரத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். கால் இஞ்சுக்கு மேல் மெத்தென்று இறங்கினால் அந்த இடம் போய்விட்டது. நடுவில் குத்திவிட்டுத் திருப்திப்படாதீர்கள். மரம் முதலில் கெடுவது சுவருக்குள் புதைந்த முனையிலும், ஓட்டு விளிம்பில் சாரல் அடிக்கிற முனையிலும். கீழே மாவு மாதிரித் தூள் கொட்டியிருந்தால் உளு. மண் குழாய் ஏறியிருந்தால் கரையான். உளு விழுந்த கட்டை தட்டினால் செத்த சத்தம் கொடுக்கும், நல்ல கட்டை கணீரென்று சொல்லும். எங்களுடையதில் கைமரங்களில் ஆறின் கால் மட்டும் போயிருந்தது, மேல்பாதி எல்லாம் இரும்பு மாதிரி இருந்தது. ஷீட்காரர் கழித்துக்கொள்ளப் பார்த்தது இந்த மரத்தைத்தான்.

ஆசாரியை இன்ஜினியரே சொல்லிவிட்டார். அறுபது வயதுக்காரர். நாள் கூலி ₹1,200, கையாளுக்கு ₹800. அண்ணாச்சி என்று கூப்பிடுவேன், அவர் என்னை டீச்சர் என்பார். மரம் வாங்கப் போனபோது புது மரம் வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொன்னவர் அவர்தான். அறுத்துச் சில மாதமே ஆன மரம் ஈரம் காயும்போது சுருங்கும், முறுகும், போட்ட போல்ட் எல்லாம் தளரும். அதனால் பழைய வீடு இடித்த மரம் விற்கும் கடைக்குப் போனோம். வேங்கை கிடைத்தது. பழைய மரத்தில் பார்க்க வேண்டியது: உள்ளே முறிந்த ஆணி இருக்கிறதா, பழைய துளைகளும் வெட்டுப் பள்ளங்களும் நடுவில் விழுகின்றனவா, முனை மட்டும் சாயம் பூசி மறைத்திருக்கிறதா.

மரக்கடைக் கணக்கையும் சொல்கிறேன், இது என் தொழில். கன அடியில்தான் விலை. அகலத்தையும் கனத்தையும் இஞ்ச்சில், நீளத்தை அடியில் வைத்து மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி வரும். ஆறுக்கு நாலு விட்டம், பதினாலடி நீளம் என்றால் 6 × 4 × 14 = 336, அதை 144ஆல் வகுத்தால் 2.33 கன அடி. கடைக்காரர் சீட்டில் 2.75 என்று எழுதியிருந்தார். இழைப்பதற்கு முந்தைய அளவில் போட்டதாகச் சொன்னார். எந்த அளவில் கணக்கு, அறுப்புக் கூலி உள்ளேயா வெளியேயா என்பதை மரத்தைத் தொடும் முன்பே பேசிவிடுங்கள். நான் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நின்றேன். ஆசாரி ஒன்றும் பேசாமல் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சீட்டு திருத்தி வந்தது. இந்த ஷெட் விஷயத்தில் எனக்கு முதல்முறையாகத் தெம்பு வந்தது அந்தக் கடையில்தான்.

புரட்டாசியில் வேலையை ஆரம்பித்தோம். மேல்காற்று அடங்கி, ஐப்பசி மழை தொடங்குமுன் கிடைக்கும் இடைவெளி அதுதான். ஓடு பிரிக்கும்போது ஒரு சரிவை முழுக்கப் பிரித்துவிட்டு அடுத்ததற்குப் போகக்கூடாது. ஒரு பக்கம் எடை போய் மறுபக்கம் இருந்தால் கூரை மொத்தமும் ஒரு பக்கமாகச் சாயும், ஏற்கெனவே பலமில்லாத கூரை. மோட்டிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் வரிசை வரிசையாக இறங்கினார்கள். இறக்கிய ஓட்டைப் படுக்கப்போட்டு அடுக்காமல் நிறுத்தி அடுக்க வேண்டும். ஒன்றைக்கூட வீசாதீர்கள். சீமை ஓட்டில் கம்பெனிக்குக் கம்பெனி பள்ளமும் மேடும் கொஞ்சம் வித்தியாசப்படும், புது ஓடு பழையதோடு கவ்வாது. உங்கள் ஓட்டின் அடியில் இருக்கும் முத்திரையைப் பார்த்து, அதே முத்திரை உள்ள பழைய ஓட்டைத் தேடுங்கள். எங்களுடையதில் சிலவற்றில் பாசல் மிஷன், 1865 என்று இருந்தது. அடுத்த வீட்டுப் பையன் வீட்டுக்கு நூற்றைம்பது வயசு என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான். அது மங்களூரில் அந்த ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம், ஓடு சுட்ட வருஷம் இல்லை.

முட்டுக்கு இரும்பு ஜாக்கிகளைச் சென்ட்ரிங் ஆளிடம் வாடகைக்கு எடுத்தோம். ஒவ்வொன்றின் அடியிலும் கனமான பலகை போட வேண்டும், இல்லாவிட்டால் தரையைக் குத்திக்கொண்டு இறங்கும். வாடகை நாள் கணக்கு. மழைக்கு வேலை நின்ற நாளுக்கும் சேர்த்தே வாங்கினார்கள். அதை முன்கூட்டிப் பேசியிருந்தால் குறைத்திருக்கலாம். அப்படி நின்ற ஒரு ராத்திரிதான் மறக்க முடியாதது. ஓடில்லாத கூரைமேல் தார்ப்பாய் விரித்துவிட்டு ஆட்கள் போய்விட்டார்கள். பொழுது சாய்ந்து இடியோடு ஒரு மழை. தார்ப்பாயின் கயிறுகளை அவசரத்தில் ஜாக்கிகளில் கட்டியிருக்கிறார்கள். காற்று புகுந்து தார்ப்பாய் உப்ப உப்ப, ஒரு ஜாக்கி அடியோடு ஆடுகிறது. நான் உள்ளே போகவில்லை. ஆசாரிக்குப் போன் போட்டேன். அவர் மகனோடு டிவிஎஸ்ஸில் நனைந்துகொண்டு வந்து, வெளியே நின்றபடியே கயிற்றை அறுத்துத் தார்ப்பாயைப் பறக்கவிட்டார். 'மரம் நனைஞ்சா காயும் டீச்சர், முட்டு போனா காரியம் கெட்டுப்போவும்' என்றார். தார்ப்பாயைக் கைமரத்திலோ தரையில் அடித்த முளையிலோதான் கட்ட வேண்டும். முட்டில் ஒருபோதும் கட்டக்கூடாது. அன்றைக்கு ராத்திரி நான் அழுதேன். அவர்கள் போன பிறகு.

தொய்ந்த மோட்டைத் தூக்க, உத்திரத்துக்கு அடியில் கட்டை நிறுத்தி லாரி ஜாக்கி வைத்தார்கள். ஒரு தடவைக்கு இரண்டு நூல், அதாவது கால் இஞ்ச். அதற்கு மேல் இல்லை. தூக்கிவிட்டு நிறுத்தி, மறுபடி மறுநாள். அவசரப்பட்டால் மரம் பிளக்கும், அல்லது எங்கோ ஒரு மூட்டு தெறிக்கும். அதோடு இரண்டு பக்கச் சுவர்க்கட்டைகளையும் செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பி போட்டு ஒன்றையொன்று நோக்கி இழுத்தார்கள். கட்டைகள்தான் நகர்ந்தன. சுவரைத் திருப்பி இழுக்கக் கூடாது என்று இன்ஜினியர் கறாராகச் சொல்லியிருந்தார். செம்மண் சாந்துச் சுவரை இழுத்தால் நேராகாது, உதிரும். இனிமேல் நகராமல் நிறுத்தினால் போதும். அதனால் எங்கள் மேற்குச் சுவர் இன்னும் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது. மோடும் முழுக்க நேராகவில்லை. பல வருஷம் வளைந்த மரம் பழைய வடிவத்துக்கு முழுசாக வராதாம்.

கால் கெட்ட கைமரங்களை மாற்றவில்லை. கெட்ட பாகத்தை வெட்டிவிட்டு, பக்கத்தில் அதே கனத்தில் இன்னொரு கட்டையைச் சேர்த்து நிறுத்தி போல்ட் போட்டார். சேர்க்கும் கட்டை நல்ல மரத்தின்மேல் குறைந்தது மூன்றடியாவது தழுவி ஏற வேண்டும். ஒரு அடி ஒட்டுப்போட்டால் அது அலங்காரம்தான். ஆணி போதாது. பன்னிரண்டு மில்லிமீட்டர் போல்ட், இரண்டு பக்கமும் பெரிய வாஷர். துளைகளை ஒரே கோட்டில் போடாமல் மேலும் கீழுமாக மாற்றிப் போட்டார், ஒரே கோட்டில் போட்டால் அந்தக் கோட்டிலேயே மரம் பிளக்கும். கட்டையின் முனைக்கு மிக அருகிலும் துளை போடக்கூடாது, நாலு இஞ்ச்சாவது தள்ளிப் போடச் சொன்னார். சுவரில் புதைகிற முனைகளுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவினார். கரையான் அண்டாது. ஆனால் தோலில் பட்டால் கொப்பளித்துவிடும், கையாள் பையன் இரண்டு விரலில் வாங்கிக்கட்டிக்கொண்டான். உறை போட்டுக்கொள்ளுங்கள்.

புது விட்டங்கள் விஷயத்தில் ஆசாரிக்கும் இன்ஜினியருக்கும் ஒரு வாக்குவாதம். குறுக்குக் கட்டையை மோட்டுக்குப் பக்கத்தில் உயரத்தில் போட்டால் உள்ளே தலை இடிக்காது, இடமும் கிடைக்குமே என்று ஆசாரி கேட்டார். இன்ஜினியர் ஒத்துக்கொள்ளவில்லை. உச்சிக்குப் பக்கத்தில் போடுகிற கட்டை காற்றில் மோட்டு மூட்டு பிரியாமல் பிடிக்கும், அவ்வளவுதான். கால் விலகுவதை அது தடுக்காது. விலகுவது எங்கேயோ அங்கேதான் இழுத்துப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் உயர்த்தியே ஆக வேண்டுமென்றால் கூரை உயரத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்குள் வைக்க வேண்டும், அப்போதும் கைமரம் கனமாக இருக்க வேண்டும். நாங்கள் பழைய இடத்திலேயே போட்டோம். இன்னொன்றும் அப்போது புரிந்தது. விட்டத்தைச் சுவர்க் குழியில் சும்மா உட்காரவைத்தால் அது மச்சைத்தான் தாங்கும், எதையும் இழுக்காது. பின்பக்கத்துப் பழைய விட்டங்களைப் பார்த்தால், சுவர்க்கட்டையின்மேல் பள்ளம் வெட்டிக் கவ்வவைத்து மரஆணி அறைந்திருந்தார்கள், ஒரு இரும்பு கிடையாது. எழுபது வருஷமாக அப்படியே இருக்கிறது. ஆசாரி அதையே பார்த்து வெட்டினார். கூடவே ஐம்பதுக்கு ஆறு மில்லிமீட்டர் பட்டை இரும்பை வளைத்து, விட்டத்தையும் சுவர்க்கட்டையையும் கைமரக் காலையும் சேர்த்து போல்ட் போட்டார். உங்கள் ஆசாரி விட்டத்தைச் செங்கலுக்குள் செருகிச் சாந்து பூசிவிட்டுக் கிளம்பினால் விடாதீர்கள்.

2017 நவம்பரில் ஒக்கிப் புயல் வந்தபோது நாகர்கோவிலில் என் சித்தி வீட்டு ஓடுகளைப் பார்த்தவள் நான். அதனால் சுவர்க்கட்டையைச் சுவரோடு பிணைக்கவும் சொன்னேன். சுவரில் மூன்றடி ஆழத்துக்கு இடையிடையே கம்பி இறக்கிக் கான்கிரீட் போட்டு, மேலே நட் போட்டு முடுக்கினார்கள். கூரைக்கு எடை கீழே மட்டும்தான் போகும் என்று நினைத்துவிடக் கூடாது, காற்று அதை மேலேயும் தூக்கும். சீமை ஓட்டின் அடியில் ஒரு முளையும் அதில் ஒரு துளையும் இருக்கும். எதற்கு என்று பலருக்குத் தெரியாது. கம்பி கோத்து ரீப்பரோடு கட்டத்தான். எல்லா ஓட்டையும் கட்ட வேண்டியதில்லை, விளிம்பில் இரண்டு வரிசையும் முன் பின் ஓரங்களும் போதும். மோட்டு ஓட்டுக்குச் சுண்ணாம்பு கலந்த சாந்துதான். முதல் கொத்தனார் போட்ட சிமெண்ட் கல் மாதிரி இறுகியதே தவிர, கூரையின் சின்ன அசைவுக்குக்கூட இடம் கொடுக்காமல் வெடித்தது.

கணக்கைக் கேட்பவர்களுக்கு: மரம் அறுப்புக் கூலியோடு ₹27,000. பட்டை, போல்ட், கம்பி ₹8,400. முட்டு வாடகை ₹4,200. ஆசாரி, கையாள், கொத்தனார் கூலி ₹41,000. பழைய ஓடு நூற்றைம்பது, ஒன்று ₹35 வீதம் ₹5,250. இன்ஜினியர் ₹3,000. தண்டம் ஏற்கெனவே சொன்னதுதான். வேலை நடந்த மாதங்களில் போன வாடகையை நான் இதில் சேர்க்கவில்லை. ஷீட்டே போட்டிருக்கலாமே என்று இப்போதும் சொல்கிறவர்கள் உண்டு. மரம் முழுக்க உளுத்த கூரை என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். எங்களுடையதில் கெட்டது பத்தில் இரண்டு பங்குகூட இல்லை. அதோடு, சாய்ந்த சுவரின்மேல் இலேசான ஷீட்டைப் போட்டாலும் சுவர் சாய்ந்த சுவர்தான், ஆடிக் காற்றில் ஷீட் போடும் சத்தம் வேறு.

இப்போது ஷெட்டில் முன்பக்கம் கார், பின்பக்கம் மறுபடி வாடகைக்கு. மச்சில் பாய் தலையணை தவிர எதுவும் ஏற்றுவதில்லை. வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: சுவர், விட்டம், கைமரம் எதிலும் துளையோ வெட்டோ போடுவதானால் எழுத்தில் கேட்க வேண்டும், மீறினால் முன்பணத்திலிருந்து பிடிக்கப்படும். சேரும் தேதியில் நான்கு விட்டத்தையும் போட்டோ எடுத்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். குடிவந்த தம்பி சிரித்தார். போன வாரம் ஃபேன் மாட்ட ஒரு கொக்கி அடிக்கலாமா என்று கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆசாரியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.